சாயங்காலத்தில் அணைத்து வைத்த போன்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். இங்கே எல்லோரும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். ஒரு வாரமாக நீ எங்கள் போனை எடுக்கவில்லை, அதனால்தான் கடிதம். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்.

போன மாதம் எல்லோரும் ஒரு படத்துக்குப் போனோம். கிராமத்து ஜனங்கள் ஒருவருக்கொருவர் உயிரைக் கொடுக்கிறார்கள், பட்டணத்துக்குப் போன மகன் போனில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு பெற்றவர்களை மறந்துவிடுகிறான், அதுதான் கதை. அந்தக் கிராமத்தில் குழாயடியில்கூடச் சண்டை இல்லை, எனக்கு அங்கேயே சந்தேகம். அப்பா மட்டும் அழுதுவிட்டார். வீட்டுக்கு வந்ததும், "நாமளும் ஆளுக்கொரு மூலையா ஆயிட்டோம், இனிமே விளக்கு வச்சா போனை அணைச்சிடணும், உக்காந்து பேசணும்" என்று சொல்லி வீட்டில் இருக்கிற அந்த ஒரே போனைப் பீரோவுக்குள் வைத்துவிட்டார், காலையில்தான் எடுப்பார். உட்கார்ந்தோம். பேசத்தான் ஒன்றும் இல்லை, பல் டாக்டரிடம் காத்திருக்கிறவர்கள் மாதிரி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கடைசியில் பேச்சு உன்னிடம்தான் வந்து நிற்கும். பெரியவனும் அந்தப் படத்துப் பையன் மாதிரி ஆகிவிட்டான், ஒரு போன்கூட இல்லை என்று அப்பா தினமும் குறைப்படுவார்.

உனக்கு வேலை நேரம் மாறியதும், சாயங்காலம்தான் கூப்பிட முடியும் என்பதும் எங்களுக்குத் தெரியாதப்பா. பஸ் ஓட்டுகிற உன் சிநேகிதன் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. "அப்பாவுக்கு என் மேல கோபம்னா நேரா சொல்லட்டும், எதுக்குப் போனை அணைச்சு வைக்கணும்" என்று நீ கேட்டாயாம். நீ வேலைக்குப் புறப்பட்ட அன்று அவர் வாசல்வரை வரவில்லை, அதை வைத்து நீ அப்படி நினைத்ததில் தப்பில்லை. ஆனால் இது அது இல்லை. கேட்டதும் அவர், "படத்துல இதை ஒருத்தனும் சொல்லலையே" என்றார்.

தங்கை தையல் வகுப்புக்குப் போகிறாள், அதிகம் பேசுவதில்லை, கைவேலை மட்டும் சுத்தம். நீ குளிரில் தலை ஈரத்தோடு வெளியே போகாதே. நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இரு.

அப்பா இப்போது சாயங்காலமானால் போனைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்குமாக நடக்கிறார். தானாகக் கூப்பிட மாட்டார், உன்னைப் போலவே வீம்பு. நீ கூப்பிட்டால் எடுத்தவுடன், "இரு, அம்மாகிட்ட தர்றேன்" என்பார். தரவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா