ஆளுக்கு ஒரு பாட்டில்

மதிப்பிற்குரிய கணவருக்கு வெள்ளையம்மாள் எழுதுவது:

சோறும் மல்லாட்டைத் துவையலும் அடுப்படியில் மூடி வைக்கப்பட்டுள்ளன. நான் திண்டிவனத்தில் உள்ள தங்கை வீட்டிற்குச் செல்கிறேன்.

கப்பல் பயணக் கையேட்டின் பதினான்கு பக்கங்களையும் எவர் உதவியுமின்றி நானே வாசித்தேன். நேற்று முழுவதும் இவ்வீட்டில் என்னோடு பேசியது அக்கையேடு மட்டுமே. சென்னைத் துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெரிய பெட்டி, கப்பல் அறைக்கு வந்து சேர மாலையாகும். ஆகவே ஆதார் அட்டை, குமட்டல் மாத்திரை, மாற்று வேட்டி ஆகியவற்றைத் தங்கள் கைப்பையில் வைத்துள்ளேன்.

ஒயின் பெரிய பெட்டியில் இருந்தால் எடுத்துக்கொள்வார்களாம். ஆளுக்கு ஒரு பாட்டில், அதுவும் கைப்பையில் மட்டுமே அனுமதி. தாங்கள் வேட்டிக்குள் சுருட்டி வைத்த இரண்டையும் வெளியே எடுத்துவிட்டேன். ஒன்று தங்கள் கைப்பையில் உள்ளது.

“நீ வந்தாத்தான் ரெண்டு பாட்டில் எடுத்துக்கினு போவலாம், கெளம்புடி” என்று முந்தாநாள் தாங்கள் சிரித்தீர்கள். முப்பத்தொரு ஆண்டுகளில் முதன்முறையாக என்னை வெளியூருக்கு அழைத்தது அதற்காகத்தானா என்றெண்ணியே, வரமாட்டேன் என்றேன்.

சாவியை எதிர்வீட்டு தஸ்லீமாவிடம் கொடுக்கவும்.

பின்குறிப்பு: இரண்டாவது பாட்டில் என் பையில், என் பயணச்சீட்டோடு உள்ளது. தங்கள் கார் சென்னைக்குச் செல்லும் வழியில், கூட்டேரிப்பட்டு பேருந்து நிறுத்தத்தில் காலை பத்து மணி வரை நிற்பேன். அந்தப் பாட்டிலுக்காகவே காரை நிறுத்தினாலும் ஏறிக்கொள்வேன்.