பாப்பாக்கா, கம்ப்யூட்டர் உன்னைப் பற்றிக் கேட்டது

என் பாப்பாக்கா,

சாலைக் கடைத்தெருவில் மிளகாய்க் காம்பு கிள்ளுகிற வேலைக்கு இன்றும் போய்விட்டுத்தான் வந்தேன். நீ உட்கார்ந்த பக்கத்தில் இப்போது ஒரு வள்ளியூர்க்காரி உட்காருகிறாள். நல்ல பெண்தான். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா, அதை அவளிடமா சொல்ல முடியும்?

இருமல் நிற்கவில்லை. மிளகாய் நெடி என்றுதான் நானும் இருந்தேன், நீ இருந்த மாதிரியே. என் மகள் ரேவதி விடாமல் இழுத்துப் போய் ஸ்கேன் எடுக்க வைத்தாள். வளையத்துக்குள் படுக்கவைத்து மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள். விடச் சொன்ன பிறகும் விடத் தோன்றவில்லை.

டாக்டரம்மா சின்ன வயசு, மலையாளம் கலந்து பேசுகிறவள். திரையைத் திருப்பிக் காட்டினாள். கறுப்பாக என் நெஞ்சு, அதில் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளைப் பொட்டு, அதைச் சுற்றிப் பச்சை வட்டம். வட்டம் போட்டது யார் என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர் தானே தேடிப் போட்டது, சேச்சி. பொட்டு எத்தனை பெரிசு, ஓரம் எப்படி, எந்த இடத்தில, இதெல்லாம் பார்க்கும். நீங்க சொன்ன விவரத்தையும் சேர்த்து, கேன்சரா இருக்க எத்தனை சான்ஸ்னு கணக்குச் சொல்லும். உங்களுக்குக் கம்மிதான். பேடிக்கண்டா, பயப்பட ஒண்ணுமில்ல. ஒரு வருஷம் கழிச்சு வந்தா போதும்."

நான் சொன்ன விவரம் என்ன தெரியுமா? ஸ்கேனுக்கு முன்னால் நர்ஸ் கேட்டாள், பீடி சிகரெட் உண்டா என்று. "வீட்டு ஆம்பளைங்க விட்ட புகைதான்" என்றேன், சிரித்தாள். அடுத்து, கூடப்பிறந்தவர்கள் யாருக்காவது கேன்சர் உண்டா என்றாள். இல்லை என்றேன். யோசிக்கவே இல்லை அக்கா. நம் வீட்டில் அந்தப் பெயரை யார் சொல்லியிருக்கிறோம்? உனக்கு வந்தது நெஞ்சுச்சளி. வார்டு வாசலில் வைத்து அத்தான் எங்களிடம் அப்படித்தான் சொல்லச் சொன்னார். உன்னிடம், வந்து பார்த்தவர்களிடம், எல்லோரிடமும் அதையே சொன்னோம். நீ போன பிறகும் வாய் அதையே சொல்லிப் பழகிவிட்டது.

பஸ்ஸில் வரும்போது ரேவதியிடம் இதைச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"எந்தாம்மே, என்ன இது? பெரியம்மாவுக்கு இருந்தது என்ன, ஜலதோஷமா?"

"அத கம்ப்யூட்டரே கண்டுபிடிச்சுக்காதா?"

"அது என்ன பக்கத்து வீட்டு அக்காவா, தானே மோப்பம் பிடிச்சு வர? நாம சொன்னாத்தான் அதுக்குத் தெரியும்."

மறுநாள் திரும்பிப் போய்ச் சொன்னேன். அக்காவுக்குக் கேன்சர் என்று முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னது அந்த நாற்காலியில்தான். டாக்டரம்மா திட்டவில்லை, உன்னைக் கணக்கில் சேர்த்தாள். திரையில் எண் ஏறியது. "ஆறு மாசத்துலயே வாங்க, சேச்சி" என்றாள். பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்து, பொட்டு வளர்ந்திருக்கிறதா என்று கம்ப்யூட்டர் அளக்குமாம். கண்ணுக்குப் பிடிபடாத வளர்ச்சியும் அதற்குத் தெரியுமாம். ஆனால் முடிவு சொல்வது கம்ப்யூட்டர் இல்லை, தானேதான் என்றாள்.

பொட்டு அதேதான். உன்னைச் சேர்த்ததும் உள்ளே அது கனத்துப் போன மாதிரி இருக்கிறது. இருமும்போதெல்லாம் அதுதான் அசைகிறதோ என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

அதைவிடப் பயம் வேறொன்று. நேற்று நான் குளித்துவிட்டு வரவும் ரேவதி பேச்சை நிறுத்திப் போனைக் கவிழ்த்து வைத்தாள். "யாருடி?" என்றேன். "சும்மா, ஃப்ரெண்டு" என்றாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். உன் கட்டில் பக்கத்தில் நின்று நான் பேசிய குரல் அது.

அவளைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். ஆறு மாசத்தில் நானே போவேன். கம்ப்யூட்டர் என்ன சொன்னாலும், டாக்டர் என்ன சொன்னாலும், முதலில் என் காதில் விழ வேண்டும். நெஞ்சுச்சளி என்று யாரும் என்னிடம் சொல்லக் கூடாது. அழுதாள், ஆனால் சரி என்றாள். உனக்கும் வாக்குக் கொடுக்கிறேன், அக்கா. அந்தத் திரையைப் பார்க்காமல் எழுந்து வர மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல். சளிதான் அக்கா, சரியாகிவிடும் என்று நாங்கள் சொன்னபோதெல்லாம் தலையாட்டினாயே, நம்பித்தான் ஆட்டினாயா, இல்லை எங்கள் முகத்தைப் பார்த்து ஆட்டினாயா?

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
செல்லம்