ஒன்பது கன்று, ஒரு கொண்டை

ஐப்பசி 14, செவ்வாய்

விடாத தூறல். பள்ளிக்கூடம் லீவு. அன்னாசி பிரிக்கும் வேலை. பழம் கொடுத்த தாய்ச்செடி இனி ஓய்ந்த மாதிரிதான். அடியில் நெருக்கியடித்துக்கொண்டு பக்கக்கன்றுகள், ஒன்பது. முறுக்கிப் பிடுங்கியதில் முழங்கை வரை முள் கீறல். அடியிலைகளை உரித்து நிழலில் கவிழ்த்து வைத்தேன், பிடுங்கிய இடம் காயட்டும். கூடவே பழத்தின் தலையிலிருந்த இலைக்கொண்டையும்.

வேண்டியவை: மண்ணெண்ணெய்த் தகரம் 10. மக்கிய சாணம். ஆற்று மணல். செம்மண் (பசுமலைப் பக்கம் கேட்க வேண்டும்).

ஞாயிற்றுக்கிழமை அறுத்த பழம். இரண்டு வருடம் காத்திருந்தது. வீடெல்லாம் வாசனை. சிவகாமி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் தின்னலாமாங்க?" அவளுக்கு இது மூன்றாம் மாதம். முன்னால் இரண்டு தங்கவில்லை. நான்தான் தாவர சாஸ்திர வாத்தியார் ஆயிற்றே, சிரித்தேன். "அதெல்லாம் கிழவிக கட்டிவிட்ட கதை. தின்னு." இரண்டு துண்டு. உப்புத் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு தின்றாள்.

மாலை 4. கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து கூப்பிட்டாள். குரலே சரியில்லை. சேலையில் ரத்தம்.

15, புதன்

ஜட்கா வண்டி வைத்து லேடி டாக்டரை அழைத்து வந்தேன். அசையக் கூடாது. கட்டிலின் கால்மாட்டில் இரண்டிரண்டு செங்கல். கஞ்சி, பால். "பாக்கலாம்" என்றார், அவ்வளவுதான். பழத்தைப் பற்றிக் கேட்கத்தான் வாசல் வரை பின்னாலேயே போனேன். அந்த நேரம் பார்த்து, சொல்லியனுப்பியிருந்த என் அக்கா திருமங்கலத்திலிருந்து வந்து இறங்கினாள். கேட்கவில்லை.

அக்கா கொல்லைக்குப் போய்விட்டு வந்தாள். "ஏண்டா, வாயும் வயிறுமா இருக்கிறவ வீட்ல அன்னாசியா? அறுத்த காம்பு தெரியுது. பழம் எங்க?"

"ஹெட்மாஸ்டர் வீட்டுக்குக் குடுத்துட்டேன்க்கா. முழுசா."

"அவ வாயில படலயே?"

"இல்ல."

சிவகாமி படுத்தபடி என்னைப் பார்த்தாள்.

16, வியாழன்

ரத்தம் நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பாதிப் பாடத்தில் கரும்பலகை முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். பையன்கள் சிரித்தார்கள். லைப்ரரியில் மூன்று புத்தகம் புரட்டினேன். அன்னாசியின் குடும்பம், இலை, பூங்கொத்து எல்லாம் இருக்கிறது. எனக்கு வேண்டிய ஒரு வரி இல்லை.

இரண்டு துண்டு. இரண்டே துண்டு. வேண்டாம் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்?

மறக்கக் கூடாதது: மருந்து, ஆறு மணிக்கு ஒரு அவுன்ஸ்.

18, சனி

காலையிலிருந்து ரத்தம் இல்லை! அக்கா அழகர்கோயிலுக்குப் பிள்ளை முடி நேர்ந்துகொண்டாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நானும் கும்பிட்டேன்.

கன்றுகளை நட்டாயிற்று. குருத்தில் மண் விழாமல், ஒவ்வொன்றாக. பத்தாவது தகரத்தில் கொண்டை. அதைக் குப்பையில் வீசியிருக்க வேண்டும். மனசு வரவில்லை, நல்ல ஜாதி. துவைக்கிற கல்லுக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். கன்று எது, கொண்டை எது என்று அக்காவுக்கு எங்கே தெரியப்போகிறது.

சி. கேட்டாள்: "எல்லாம் வேர் பிடிச்சிருமாங்க?" பிடித்துவிடும் என்றேன். இன்றுதான் கொஞ்சம் சிரித்தாள்.

19, ஞாயிறு

விடியும்போது வலி. எட்டு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது.

சிவகாமி அழவில்லை. "ரெண்டு துண்டுதானங்க?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். டாக்டர் வந்தார். பக்கத்திலேயே அக்கா. இன்றும் கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

21, செவ்வாய்

நல்ல வெயில். நான் லீவு. இந்தச் சனியன் ஒன்றுகூட இங்கே இருக்கக் கூடாது என்று அக்கா தகரங்களைக் கவிழ்க்கத் தொடங்கினாள். தடுக்கவில்லை. ஒன்பது முடிந்தது. அப்புறம் துவைக்கிற கல் பக்கம் போனாள்.

திரும்பி வந்தபோது அவள் கையில் கொண்டை. அடியில் பழச்சதை கறுத்து ஒட்டியிருந்தது. தோட்டம் துரவு பார்த்தவள், தெரியாமலா இருக்கும்.

"முழுசாக் குடுத்தேன்னு சொன்ன? கொண்டை மட்டும் எப்படிடா இங்க கெடக்கு?"

உள்ளே கட்டிலிலிருந்து சிவகாமியின் குரல்.

"நாந்தான் மதினி. அவுக வெளிய போயிருந்தப்ப ஆசையில அறுத்துத் தின்னுட்டேன். எனக்காகத்தான் அவுக உங்ககிட்ட பொய் சொன்னாக."

இல்லை என்று நான் சொல்ல வேண்டியதுதான். ஒரே ஒரு சொல். வாய் வரவில்லை.

அக்கா கொண்டையை வீசிவிட்டு உள்ளே போனாள். "பாவி, இம்புட்டு நாக்காடி உனக்கு? உன் புள்ளைய நீயே தின்னுட்டியேடி!" பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். சத்தம் இன்னும் ஓயவில்லை. நான் கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.