தட்டு தானாகவே உடைந்தது

நான்ஜிங்,
6 நவம்பர் 1998

அன்புள்ள போவென்,

உன் பிள்ளைகளின் பதில்களைப் பதிவுசெய்து நீ அனுப்பிய வீடியோ கேசட் கிடைத்தது. தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

யார் என்ன செய்ததால் என்ன ஆனது என்பதை நம் சீனக் குழந்தைகள் எப்படிச் சொல்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டும் படத்தில் நீ தட்டைத் தட்டிவிடுகிறாய், அது உடைகிறது. என்ன நடந்தது என்று கேட்டால் மற்ற ஊர்ப் பிள்ளைகள், "அந்த மாமா தட்டி உடைச்சிட்டாரு" என்கிறார்கள். உன் பாலர் வகுப்பில் மட்டும் இருபது பேரும், "தட்டு உடைஞ்சு போச்சு!" ஒருத்தி, "தட்டுக்கு வயசாயிடுச்சு" என்கிறாள். பேராசிரியரிடம் எதைக் காட்டுவேன்?

வாத்தியாரிடம் கற்றதாகத்தான் இருக்கும். இந்தப் பல்கலைக்கழகத்தில் எனக்கு இடம் கிடைத்ததாக வந்த அனுமதிக் கடிதத்தைப் பற்றி இரண்டு வருடமாக நீயும், "தாமதமாகிவிட்டது" என்றுதானே சொல்கிறாய்? பள்ளிக்கூடப் பியானோவுக்குள் ஒன்பது நாள் அது தானாகவா போய்ப் படுத்திருந்தது? நீ வாய்விட்டு உண்மையைச் சொல்லும்வரை லெஷான் பக்கம் வரமாட்டேன்.

இப்படிக்கு,
ருய்ஷின்

லெஷான்,
19 நவம்பர் 1998

அன்புள்ள ருய்ஷின்,

என் செல்லங்களைத் திட்டாதே. "சார் மாட்டிக்குவாரு, யாரும் வாயத் திறக்காதீங்க" என்று ஐந்து வயது மியான்மியான் வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள்!

நேற்று நம் பள்ளிக்கூடச் சமையற்கார யூ அம்மாவை நடிக்கவைத்து மறுபடி எடுத்தேன். படம் முடியுமுன்பே ஒரே கூச்சல்: "யூ அத்தைதான் தட்டி உடைச்சாங்க! தினம் கேரட் போடுறவங்க!" புதுக் கேசட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உன் ஆய்வு பிழைத்துவிடும்.

பிறகு மியான்மியானைத் தனியாகக் கூப்பிட்டு, "முதல் படத்துல யாரு உடைச்சா?" என்று கேட்டேன்.

"நீங்கதான் சார். எங்களுக்குக் கண்ணு தெரியாதா?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ருய்ஷின், அந்தக் கடிதத்தை நான்தான் ஒளித்தேன். நீ போனால் திரும்பி வரமாட்டாய் என்று பயந்தேன். நான் ஒளித்ததால்தான் உன் இடம் பறிபோகப் பார்த்தது, நீ அழுதாய், என்னோடு பேசாமலே ரயில் ஏறினாய். தப்பு என்னுடையது. மன்னித்துவிடு.

உன்,
போவென்

நான்ஜிங்,
1 டிசம்பர் 1998

அன்புள்ள போவென்,

கேசட்டைப் பார்த்துப் பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். யூ அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அழுதேன். கோபம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அதைத் தபாலில் அனுப்பினால் உறைக்காது. புத்தாண்டு விடுமுறைக்கு நேரில் கொண்டுவருகிறேன்.

உன்,
ருய்ஷின்