கிளிஃப் கடையில் வாங்கிய ஸ்கோப்

அன்புள்ள கார்லாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான் நலம், வலது முழங்கால் மட்டும் குளிர் இறங்கினால் தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்கிறது. நீயும் நலம் என்று எழுதியிருந்தாய், ஆனால் போன ஞாயிறு போனில் இரண்டு தடவை இருமினாய், கேட்டால் தண்ணீர் புரையேறிவிட்டது என்றாய், இரண்டு தடவையுமா என்று நான் கேட்கவில்லை. ஹவாயில் டிசம்பரிலும் கையில்லாத சட்டையோடு நிற்கிற உன் போட்டோவைப் பக்கத்து வீட்டு ஐரீனிடம் காட்டினேன், அவளும் நம்பவில்லை. எதற்கும் ஒரு ஸ்வெட்டரைப் பையிலேயே வைத்துக்கொள். இங்கே கூரையில் பனி ஏறி, தள்ளி, மறுபடியும் ஏறிவிட்டது. ஏரி இன்னும் உறையவில்லை, அது உறைகிறவரை பனி நிற்காது, அதனால் இந்த மாதம் முழுக்கக் கொட்டும்.

துப்பாக்கியில் மாட்டிக் குறிபார்க்க என்ன ஸ்கோப் வாங்கினாய், பழையதையே கட்டிக்கொண்டு அழாதே என்று நீ எழுதியிருந்தாய். அதைப் பற்றித்தான் இவ்வளவு நாள் எழுதாமல் இருந்தேன், ஏனென்றால் அதில் எனக்கே ஒன்றும் தெளிவாகாமல் இருந்தது. உன் அப்பாவின் பழைய ஸ்கோப் போன வருஷம் என்ன செய்தது என்று உனக்குத் தெரியும். தேவதாரு மரங்களின் ஓரத்தில் நல்ல கொழுத்த மான் வந்து நிற்கிறது, கண்ணை வைத்தால் உள்ளே பாலை ஊற்றிய மாதிரி ஒரே மூட்டம். குழல் வாயில் மருந்து போட்டுக் கெட்டிக்கிற துப்பாக்கியில் ஒரே ஒரு வெடிதான், மறுபடி கெட்டிப்பதற்குள் மான் அடுத்த மாவட்டம் போய்விடும். அந்த மான் போனதோடு குளிர்காலம் முழுக்கக் கடை இறைச்சிதான். இந்த வருஷமும் அப்படி ஆகக்கூடாது என்று வேட்டை சீசனுக்கு முன்பே கிளிஃப் ட்ரெவரோ கடைக்குப் போனேன். தூண்டிலும் துப்பாக்கியும் விற்கிற கடை, முன்பு அவருடைய அண்ணன் நடத்தியது, அண்ணன் போனபின் இவர் பார்த்துக்கொள்கிறார், உயரமாக, காது பெரிதாக இருப்பாரே, அவர்தான்.

கண்ணாடி அலமாரியில் நீளமாக, பளபளவென்று ஒன்று இருந்தது, அதைக் காட்டி எடுக்கச் சொன்னேன். அவர் எடுக்கவில்லை. "அது வேணாம் தைமி. உங்க துப்பாக்கி உதைக்கிற உதைக்கு உள்ள இருக்கிற சிலுவைக் கோடு ரெண்டே சீசன்ல நகந்துரும். நீங்க சதுப்புக்குள்ள நின்னு சுடுறவங்க, நூறு கஜத்துக்கு மேல மரந்தான் தெரியும், இவ்ளோ பெரிசாக்கிக் காட்டி என்ன பண்ணப்போறீங்க" என்றார். மேஜைக்கு அடியிலிருந்து குட்டையாக, கறுப்பாக, பார்க்க ஒன்றுமில்லாத ஒன்றை எடுத்து வைத்தார். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நாலு அங்குலம் இடம் விடும், உதைக்கும்போது புருவத்தைப் பிளக்காது, தண்ணீர் புகாது என்றார். எவ்வளவு என்று கேட்டேன். எண்பது டாலர் என்றார்.

கார்லா, விலை அதிகமானதை வாங்கவிடாமல் தடுக்கிற கடைக்காரரை நீ எங்காவது பார்த்திருக்கிறாயா? நான் காகித ஆலை வாசலில் லாரி லாரியாக மரத்தை அளந்து வயதானவள். வெளி வரிசையில் நல்ல மரத்தை அடுக்கிவிட்டு நடுவில் உளுத்ததை ஒளித்துக் கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் சிரித்த முகமாகத்தான் வருவார்கள், காபி வேண்டுமா என்று கேட்பார்கள். கிளிஃபும் அன்றைக்குக் காபி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஸ்கோப்பை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன், வரும் வழியெல்லாம் மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. யாரோ வாங்கித் திருப்பிக் கொடுத்ததாக இருக்கும், அல்லது எங்கேயோ திருடிய சரக்கு, அல்லது கீழே விழுந்து உள்ளே ஏதோ விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். மறுநாளே போய் இது யார் வைத்திருந்தது என்று கேட்டேன். பெட்டியின் ஒட்டைக் கிழித்ததே நீங்கள்தான் என்றார். அதுவும் உண்மைதான். ஆனால் ஒட்டு என்ன, யார் வேண்டுமானாலும் ஒட்டலாம்.

அதனால் நானே சோதித்தேன். ராத்திரி முழுக்கப் பின்வாசல் பனியில் புதைத்து வைத்துவிட்டு, காலையில் எடுத்து நேரே சவுனா ஆவிக்குளியல் அறைக்குள் கொண்டுபோய், கல்லில் தண்ணீரை ஊற்றி ஆவி கிளப்பி, கீழ்ப் பலகையில் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்து ஐரீன் கதவைத் திறந்தாள். "ஏண்டி தைமி, புருஷன் போனதுக்கு அப்புறம் சவுனாவுக்குத் தொணைக்கு இதுதான் கெடச்சுதா" என்று கேட்டுவிட்டு, அதை ஊர் முழுக்கச் சொல்லியும் விட்டாள். வெளியே ஆவி படிந்தது, துடைத்தேன், உள்ளே ஒரு பொட்டு மூட்டம் இல்லை. பிறகு வெதுவெதுப்பான வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன், ஒரு குமிழி வரவில்லை. துப்பாக்கியில் மாட்டி, விறகு அடுக்கின் முன்னால் அட்டையைக் கட்டிச் சுட்டேன், குறியை நகர்த்துகிற திருகை மேலே, பக்கத்தில், கீழே என்று சுற்றி மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்து சுட்டால் குண்டு முதல் ஓட்டையின் விளிம்பிலேயே போய் விழுகிறது. தோள்பட்டை கன்றிப்போனதுதான் மிச்சம், ஸ்கோப் அசையவில்லை. நல்லதாக இருக்க இருக்க எனக்குச் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்ட உத்தரவாதம் வேண்டும் என்று போய்க் கேட்டேன், சிரிக்காமல் எழுதிக் கொடுத்தார். ஸ்கோப்பைப் பிடிக்கிற வளையத்தின் திருகு தளர்கிறதோ என்று இன்னொரு நாள் போனேன், இறுக்கிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்கவில்லை. காசு வாங்காதது எனக்குப் பிடிக்கவே இல்லை.

சீசன் திறந்து முதல் வாரத்திலேயே ஈரப்பனி கொட்டுகிற ஒரு காலையில் பெண்மான் ஒன்று ஓடையைத் தாண்டி வந்தது. கண்ணாடியை விரலால் துடைத்துவிட்டுப் பார்த்தேன், அதன் இமை மயிரில் பனி ஒட்டியிருப்பதுகூடத் தெரிந்தது. சுட்ட புகை விலகியபோது நின்ற இடத்திலேயே விழுந்திருந்தது, துடிக்கவிடவில்லை. ஐரீனின் மகன் வந்து இழுத்துக் கொடுத்தான். இப்போது ஐஸ் பெட்டி நிறைய இறைச்சி இருக்கிறது, உனக்கு அனுப்ப வழியில்லையே என்றுதான் வருத்தம்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பல் வைத்தியரைப் பார்க்க ஹவுட்டன் போனேன், அங்கே ஒரு பெரிய கடையில் அதே ஸ்கோப், அதே பெயர், அதே எண், கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறது. விலை இருநூறுக்குப் பக்கம். என்னுடையது போலியாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். வண்டியிலிருந்து துப்பாக்கியை எடுத்துவந்து அங்கிருந்த பையனிடம் காட்டினேன், அவன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அசல்தான் என்றான், எண்பதுக்கு விற்றவர் கைக்காசு போட்டுத்தான் விற்றிருக்க வேண்டும் என்றும் சொன்னான். எனக்கு முகம் சுட்டது. விதவை, வசதி குறைவு, பாவம் என்று இரக்கப்பட்டிருக்கிறார் என்று தோன்றியது. உன் அப்பா செத்தபோது சர்ச்சிலிருந்து கொண்டுவந்த உணவுப் பாத்திரங்களைக்கூட நிரப்பித்தான் திருப்பிக் கொடுத்தேன். பனியில் வண்டி வழுக்குவதைக்கூடப் பார்க்காமல் நேரே கிளிஃப் கடைக்குப் போய், மீதிப் பணத்தை மேஜையில் வைத்தேன். அவர் இறைச்சி அடைத்த பாஸ்டி தின்றுகொண்டிருந்தார், கடையில் வேறு ஆள் இல்லை.

"இது என்ன" என்றார்.

"ஹவுட்டன்ல விலை பாத்துட்டேன். நான் யார்கிட்டயும் இரக்கத்துக்கு வாங்குறவ இல்ல."

"இரக்கமா, உங்க மேலயா? லாரிக்காரங்க இன்னும் உங்க பேரச் சொன்னா எறங்கி நிக்கிறாங்க தைமி." வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார், "சரியான விலையச் சொல்லியிருந்தா வாங்கிட்டுப் போயிருப்பீங்க. அது கெடாத பொருள். அப்புறம் பத்து வருஷத்துக்கு இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டீங்க. விலையக் கொறச்சா சந்தேகம் வரும், கேக்குறதுக்காவது வருவீங்கன்னு நெனச்சேன்."

பேசவேண்டும் என்றால் வாயைத் திறந்து கேட்க வேண்டியதுதானே, இதென்ன நூற்றுச்சொச்சம் டாலர் செலவழித்து ஒரு வித்தை என்று சத்தம் போட்டேன்.

"கேட்டிருந்தா, இவன் எதுக்குக் கேக்குறான்னு யோசிச்சே ஒரு வருஷம் ஓட்டியிருப்பீங்க" என்றார்.

பணத்தை அவர் எடுத்துக் கல்லாப்பெட்டியில் போடும்வரை நான் நகரவில்லை. போட்டபின், வெள்ளிக்கிழமை ஊர்ச் சாவடியில் மீன் சாப்பாடு, வருகிறீர்களா என்று ஒழுங்காகக் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஐரீனிடம் விசாரித்தேன், அவர் மனைவி டோரிஸ் இறந்து ஒன்பது வருஷமாம், கடன் இல்லை, குடி இல்லை, நாய் ஒன்று உண்டு. நாய் எப்படி என்று கேட்டேன், அதுவும் நல்ல நாய்தானாம்.

போனேன். என் வண்டியில்தான் போனேன், என் சாப்பாட்டுக்கு நான்தான் கொடுத்தேன். கிளிஃப் டோரிஸைப் பற்றிக் குறைவாகவும் பேசவில்லை, கண்ணைக் கசக்கவும் இல்லை. உன்னைப் பற்றிக் கேட்டார், நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார், நடுவில் தன் கதையை நுழைக்கவில்லை. முழு மாலையும் ஏதாவது குறை கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மீனுக்குத் தக்காளி சாஸ் ஊற்றிக்கொள்கிறார், அது ஒன்றுதான் கிடைத்தது. வீட்டுக்கு வந்து வெகுநேரம் கோட்டைக் கழற்றாமல் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தேன். இந்த வயதில் எனக்கு இது என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அடுத்த வெள்ளியும் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

நீ வாங்க நினைக்கிற பழைய காரை அடியில் படுத்துப் பார்க்காமல் வாங்காதே, விற்கிறவன் டாக்டர் என்பதெல்லாம் ஒரு காரணமில்லை. இருமலுக்கு யாரிடமாவது காட்டு, ஆஸ்பத்திரியிலேயே வேலை செய்கிறாய். இந்த ஞாயிறு போன் செய், சிரிக்காமல் பேச முடியும் என்றால் மட்டும். ஆண்டவர் உன்னையும் உன் இரவு வேலையையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும், நீ நினைத்ததெல்லாம் கைகூடி நல்லபடியாக இரு. ஒன்று மறந்துவிட்டேன், கிறிஸ்துமஸுக்குப் புகைபோட்ட மீன் அனுப்ப வேண்டும் என்று கிளிஃப் உன் முகவரி கேட்டார். கொடுத்திருக்கிறேன். பொட்டலம் வந்தால், மோந்து பார்த்துவிட்டுச் சாப்பிடு.

இப்படிக்கு உன் அம்மா,
தைமி ஹவுத்தலா