போன் அடித்தால் போர்டுக்கு வா

ஜூலை 8, செவ்வாய்
கணக்கு வகுப்பில் இன்றும் கடைசி பெஞ்சுக் கச்சேரி. நான் போர்டுப் பக்கம் திரும்பினால் "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம். திரும்பிப் பார்த்தால், இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் யாருடைய போனோ வேறு அடித்தது. கச்சேரிக்குத் தலைமை வானொலி. நான் மனதுக்குள் வைத்த பெயர். அந்தப் பெண்ணுக்கு நிறுத்தும் பொத்தானே கிடையாது.

அக்காவிடம் புலம்பினேன். அவள் பல் டாக்டர். "என்கிட்ட வர்றவங்க வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்க, உன்கிட்ட வர்றவங்க மூட மாட்டேங்கிறாங்க. மாத்திக்கலாமாடா?" என்கிறாள்.

ஜூலை 10
முடிவு செய்துவிட்டேன். பேசினால் வெளியே. போன் அடித்தால் வெளியே. சிரித்தால் — அதுவும் வெளியே.

ஜூலை 15
அனுப்பி அனுப்பி, இன்று உள்ளே இருந்தவர்களைவிட வராந்தாவில் நின்றவர்கள் அதிகம். அவர்களுக்கோ கொண்டாட்டம். வானொலி தன் போனைத் தானே அடிக்க வைத்து, "சார், நானும் போகணும்ல?" என்று பையோடு எழுந்து நிற்கிறாள்!

அந்த நேரம் பார்த்துத்தானா துறைத் தலைவர் வர வேண்டும்? "பேசாம நீங்களும் வெளிய வந்து நடத்திடலாமே," என்றார் மேடம். சிரிக்கவில்லை. மாதக் கடைசியில் வகுப்பில் வந்து உட்காருவாராம். என் தற்காலிக வேலை நீடிக்குமா என்பதை அதற்குப் பிறகுதான் சொல்வாராம்.

ஐயோ. எனக்குப் பிடிச்ச வேலைடா இது. இதை விட்டா என்ன பண்ணுவேன்?

ஜூலை 17
சட்டத்தை மாற்றினேன். யாரும் வெளியே போக வேண்டாம். போன் அடித்தாலும் ரீங்காரம் வந்தாலும், போர்டுக்கு வந்து அடுத்த கணக்கைப் போட வேண்டும். தெரியாவிட்டால் வகுப்பே உதவலாம். கிண்டல் கூடாது.
"யாரா இருந்தாலுமா சார்?" என்றாள் வானொலி.
"யாரா இருந்தாலும்," என்றேன், பெரிய வீராப்பாக.

ஜூலை 22
வானொலிக்கு இன்று மூன்று கணக்கு. முதல் இரண்டும் தப்பு. மூன்றாவதில் விடை வந்ததும், "இன்னொண்ணு குடுங்க சார்!" சத்தம் குறையவில்லை. ஆனால் இப்போது சண்டையே கணக்கைப் பற்றித்தான். எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

ஜூலை 30
மேடம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். குண்டூசி விழுந்தால் கேட்கும் அமைதி. பாதிக் கணக்கில் ஒரு போன் அடித்தது.
மேடத்தின் போன்.
எல்லாக் கண்களும் என் மேல். நுணலும் தன் வாயால் கெடும் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான். கேட்காத மாதிரி இருந்துவிடலாமா? இருந்துவிட்டால் நாளை முதல் என் பேச்சை யார் மதிப்பார்கள்?
"மேடம்... எங்க வகுப்புல ஒரு ரூல் இருக்கு," என்று சாக்பீஸை நீட்டினேன்.
வந்தார். எழுதினார். மூன்றாவது வரியில் ஒரு கழித்தல் குறியை விட்டுவிட்டார். செத்தேன்! இதோ ரீங்காரம், இதோ சிரிப்பு —
ஒன்றும் வரவில்லை. வானொலிதான் எழுந்தாள். "மேடம், மூணாவது வரியை மட்டும் ஒரு தடவை பாத்துடுங்க. நானும் எப்பவும் அங்கதான் கோட்டை விடுவேன்."
மேடம் திருத்தினார். கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு வெளியே போய்விட்டார்.

ஆகஸ்ட் 1
படிக்கட்டில் மேடம் எதிரே வந்தார். "அடுத்த வருஷமும் இதே பசங்களை எடுத்துக்கிறீங்களா, இல்ல வேற வகுப்பு வேணுமா?"
"இவங்களே போதும் மேடம்," என்று சொல்லிவிட்டு ஓடிவந்து பஸ்ஸைப் பிடித்தேன். பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது. அடுத்த வருஷமும்.