ஒரே கிருமி, இரண்டு ஈரல்

அத்தான்,

இன்று காலை பக்கத்து வீட்டில் கீழ்காய்நெல்லி அரைத்தார்கள். அந்தப் பச்சை வாடை குசினிக்குள் வந்ததும் அக்கா எழுந்து யன்னலைச் சாத்தினா. நீங்கள் போன பிறகு அவவுக்கு அது ஆகாது. எனக்கோ அந்த வாடையோடு உங்கள் ஏச்சும் சேர்ந்தே வரும்.

உள்துறைமுகத்தடிப் பட்டறையில் நாம் இருவரும் படகு என்ஜின் பூட்டிய காலம். அங்கே எல்லாருக்கும் ஒரே சவரக்கத்திதான். அதிலிருந்துதான் தொற்றியிருக்க வேண்டும். கண் மஞ்சளாகி, நம் இருவருக்கும் ஒன்றாகச் செங்கமாரி வந்தது. அக்கா பத்தியம் போட்டா: உப்பில்லாக் கஞ்சி, ஆட்டுப்பாலில் கலக்கிய கீழ்காய்நெல்லி. நீங்கள் முகம் சுளிக்காமல் குடித்தீர்கள். நான் சந்தைக் கடையில் பொரித்த சூடைமீனோடு சோறு தின்றுவிட்டு வந்தேன். வாசலிலேயே மணம் பிடித்துவிட்டீர்கள்.

"உன்ர ஈரலும் போனா, உன்னைத் தூக்கிக்கொண்டு திரிய எனக்கு ஏலாதடா."

கண் வெளுத்தால் செங்கமாரி போயிற்று என்பது ஊர்க் கணக்கு. இருவர் கண்ணும் வெளுத்தது. கிளினிக்குக்குத் திரும்ப வரச் சொன்னதை இருவருமே காதில் போடவில்லை. சில வருடங்களில் உங்கள் வயிறு வீங்கியது. அப்போது போய்ப் பார்த்தால், ஈரல் சுருங்கிவிட்டது என்றார்கள்.

"பத்தியம் முறிச்சவன் நிக்கிறான், காத்தவன் கிடக்கிறன். இதென்ன ஞாயம்?" ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்து சிரித்துக்கொண்டு கேட்டீர்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஈரல் நோய் என்றால் ஊருக்குச் சாராயம்தான் காரணம். உங்கள் செத்தவீட்டிலேயே அந்தக் கதை நடந்தது. அதை அக்காவும் நம்பியதுதான் எனக்குத் தாங்கவில்லை. "ஒளிச்சுக் குடிச்சிருப்பார். இல்லாட்டி நீ தப்ப, அவர் ஏன் போறார்?" என்பா. உங்கள் படத்துக்குப் பூ வைப்பதையும் விட்டுவிட்டா.

போன கிழமை என் இரத்தச் சோதனை முடிவை எடுக்க அக்காவையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்த இளம் டொக்டர் பிள்ளையிடம், நான் மீன் தின்ற கதையையும் சொல்லி, உங்கள் கேள்வியைக் கேட்டேன்.

"கிருமி ஒண்டுதான் ஐயா. ஆனா அதை உடம்புக்கு அடையாளம் காட்டிக் குடுக்கிற மரபணு ஆளுக்காள் வேற. சிலரின்ர உடம்பு கெதியாக் கண்டுபிடிச்சுத் துரத்திடும். சிலருக்குப் பிடிபடாது, கிருமி ஈரலுக்குள்ளயே தங்கிடும். அவருக்கு அதுதான் நடந்ததெண்டு இப்ப நான் அடிச்சுச் சொல்ல ஏலாது. ஆனா கிருமி தங்கினா, ஒரு சொட்டும் குடிக்காத ஆளுக்கும் ஈரல் சுருங்கும்."

"பத்தியம் பிழைச்சா?" என்று அக்கா கேட்டா.

"மீன் திண்டு கிருமி தங்கிறதில்லை அம்மா."

வீட்டுக்கு வந்து அக்கா உங்கள் படத்துக்கு முன்னால் நின்றா.

"குடிக்கேல்லையெண்டு என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னவர் அக்கா," என்றேன். "நீங்கதான் கேக்கேல்லை."

அவ அப்படியே நிலத்தில் இருந்து அழுதா. நான் தேற்றப் போகவில்லை. அழட்டும் என்றிருந்தேன். அடுத்தநாள் படத்தில் செவ்வரத்தம்பூ இருந்தது.

அந்தக் கிருமியை எதிர்த்துத் துரத்திய அடையாளம் என் இரத்தத்தில் இன்னும் இருக்கிறதாம். நான் கெட்டிக்காரனென்று அதற்கு அர்த்தமில்லை. பிறக்கும்போதே கிடைத்த ஏதோ ஒன்றால் தப்பியிருக்கிறேன். உங்களுக்கு அது கிடைக்கவில்லை போல. அதில் பாதி தர முடிந்திருந்தால் தந்திருப்பேன், அத்தான்.